தனியார் பல்கலைக்கழகமும் அதை நம்பி வரும் குடும்பமும்

பட்டர்வொர்த்தில் கணக்காய்வு நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவரும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து செபராங் பிறையில் ஒரு சிறிய தனியார் கல்லூரியை வாங்கி, காலப்போக்கில் அதைப் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்த்த எண்ணியிருக்கிறார்கள். கட்டடம், அங்கீகாரச் செலவு, விரிவுரையாளர் சம்பளம், எத்தனை மாணவர் சேர்ந்தால் முதலுக்கு மோசமில்லை என்பது வரை கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். “பேசுகிறவர்கள் எல்லாரும் பண்பாடு, பண்பாடு என்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தை வணிகமாக நடத்தும்போது அதன் வெற்றி தோல்வியைப் பண்பாடு உண்மையிலேயே தீர்மானிக்கிறதா? நல்ல நிர்வாகமும் போதிய முதலும் இருந்தால் போதாதா?” என்பது அவர் கேள்வி. நேரில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் தனியார் உயர்கல்விக் கூடங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவன் நான். முதல் ஆறு ஆண்டுகள் மாணவர் சேர்க்கைப் பிரிவில் பெற்றோருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு விரிவுரையாளராகவும், கடைசியில் தேர்வுப் பிரிவின் பொறுப்பாளராகவும் இருந்தேன். இந்த மூன்று இடங்களிலிருந்தும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பண்பாடுதான் தீர்மானிக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். ஒன்று, பிள்ளையைப் படிக்க அனுப்பும் குடும்பங்களின் பண்பாடு. மற்றொன்று, கல்லூரிக்குள் நிர்வாகமும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருவரையொருவர் நடத்திக்கொள்ளும் முறை. முன்னது மாணவர்களை வாசலுக்குக் கொண்டுவருகிறது. கொண்டுவரும்போதே ஒரு பெரிய நம்பிக்கையையும் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கடனை நிறுவனம் அடைக்குமா, தின்று தீர்க்குமா என்பது பின்னதைப் பொறுத்திருக்கிறது. உங்கள் கணக்கேட்டில் இந்த இரண்டுக்கும் பத்தி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

நம் நாட்டில் இந்தத் தொழில் ஏன் தழைத்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1971-க்குப் பிறகு புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் அரசுப் பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி ஒதுக்கப்பட்டன. சீனக் கல்வி அமைப்புகள் 1968-ல் முன்வைத்த மெர்டேக்கா பல்கலைக்கழகத் திட்டம் நீதிமன்றம் வரை சென்று 1982-ல் முடிவுக்கு வந்தது. இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் ஓய்ந்துவிடவில்லை. வசதியுள்ளவர்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பினார்கள். மற்றவர்களுக்காகத் தனியார் கல்லூரிகள் எழுந்தன. சொந்தப் பட்டம் வழங்கும் உரிமை அவற்றுக்கு இல்லாததால், சில ஆண்டு இங்கே, கடைசி ஆண்டு அங்கே என்ற ‘ட்வின்னிங்’ முறையில் நடத்தினார்கள். தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டம் 1996-ல் வந்து கதவைத் திறந்தது. மறு ஆண்டே நிதி நெருக்கடி வந்தது. ஏறக்குறைய இரண்டரை வெள்ளியாக, அதாவது ரிங்கிட்டாக, இருந்த அமெரிக்க டாலர், 1998 செப்டம்பரில் 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தப்பட்டது. வெளிநாட்டில் படிப்பின் நடுவில் பிள்ளையை வைத்திருந்த பெற்றோர் தவித்துப்போனார்கள். வெளிநாட்டுப் பட்டத்தை முழுவதும் இங்கேயே இருந்து முடிக்கும் ‘மூன்று கூட்டல் பூச்சியம்’ படிப்புகள் அந்தச் சமயத்தில்தான் வந்தன. மோனாஷ் பல்கலைக்கழகம் 1998-ல் இங்கே கிளை திறந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மலேசியாவில் அமைத்த முதல் வளாகம் அதுதான். 2000-ல் நாட்டிங்ஹாம் வந்தது.

இதைப் பொருளாதார வரலாறாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். தொழிற்பயிற்சிக்குப் பெரிய மதிப்பு இருக்கும் ஜெர்மனி போன்ற ஒரு நாட்டில், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளையைப் பெற்றோர் தயக்கமில்லாமல் ஒரு பட்டறைக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே தமிழரும் சரி, சீனரும் சரி, அப்படிச் செய்யவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வெளியேற ஒரே வழி படிப்பு என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வளர்ந்த குடும்பங்களுக்குப் பட்டம் என்பது வேலைக்கான தகுதி மட்டுமல்ல, குடும்பமே ஒரு படி ஏறியதற்கான சாட்சி. பட்டமளிப்பு விழாப் படம் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்படுவதை நம்மில் பார்க்காதவர் யார்? தம்பிராஜா அவர்கள் 1982-ல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், தேர்வுக்குப் போகும் மாணவர்களைப் பெற்றோருடன் பத்துமலைக்குக் ‘கல்வி யாத்திரை’ அழைத்துச் செல்கிறது. படிப்பை நேர்த்திக்கடனுக்கு நிகராக வைத்திருக்கும் ஒரு சமுதாயத்தில்தான் இப்படியொரு முறை இயல்பாக வேரூன்ற முடியும். தனியார் கல்லூரி இந்த வேட்கையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுப்பில் அது உலை வைத்தது.

சேர்க்கைப் பிரிவில் நான் பார்த்த ஒரு காலைப் பொழுதைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வந்த மறுவாரம். கோலசிலாங்கூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது: லாரி ஓட்டும் தந்தை, தாய், பாட்டி, தாய்மாமன், கடைசி நாற்காலியில் அந்தப் பெண். பேசியவர் மாமன். “இந்தப் படிப்பை அரசாங்கம் ஏத்துக்குதா சார்? போன வருசம் முடிச்ச பிள்ளைங்க இப்ப எங்க வேலை செய்யறாங்க?” என்று கேட்டார். விளம்பரத் தாளில் வட்டமிட்டுக் கொண்டுவந்திருந்த கேள்விகள் இன்னும் நான்கு இருந்தன. பாட்டிக்கு ஒரே கேள்விதான்: “வெள்ளி, செவ்வாய் பிள்ளைக்குச் சைவச் சாப்பாடு எங்க கிடைக்கும்?” தாய் ஒன்றும் கேட்கவில்லை. பேரங்காடிப் பையிலிருந்து சான்றிதழ் நகல்களை எடுத்து ஒவ்வொன்றாக மேசை மேல் வைத்தார். நகல்களுக்கு நடுவே ஒரு அடகுக் கடை ரசீது இருந்தது. அதைப் பார்த்ததும் சட்டென்று மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று அன்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு வருத்தம்.

வணிகப் பாடநூல்கள் மாணவரை வாடிக்கையாளர் என்கின்றன. அந்த மேசைக்கு முன் வாடிக்கையாளர் என்று யாரைச் சொல்வது? முடிவெடுத்தவர் மாமன்; பணம் தாயின் கையிலிருந்து கழற்றப்பட்டது; கவலை பாட்டியுடையது; படிக்கப்போகிறவள் அந்தப் பெண். இதை உணர்ந்த கல்லூரிகள் விளம்பரத்தில் மாணவரைக் காட்டினாலும், ஏற்பாடுகளைக் குடும்பத்துக்காகவே செய்தன. மாணவியருக்குத் தனி விடுதி, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் சேர்க்கைப் பிரிவு, தமிழிலும் மாண்டரினிலும் மலாயிலும் பதில் சொல்லக்கூடிய ஆலோசகர்கள், தவணையில் கட்டணம் என்பவையெல்லாம் அலங்காரங்கள் அல்ல. ஆங்கிலத்தில் மட்டும் பேசும் பளபளப்பான முகப்பைக் கண்டு திரும்பிப்போன பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். திரும்பிப்போனதற்கான காரணத்தை அவர்கள் எந்தக் கருத்துப் படிவத்திலும் எழுதவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் பண்பாடுதான். தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., 1997-ல் அமைக்கப்பட்டது. அது கொடுக்கும் கடன் இல்லையென்றால் இன்றைய தனியார் கல்லூரிகளில் பலவற்றின் வகுப்பறைகள் பாதி காலியாகவே இருக்கும். இந்தக் கடனுக்கு இப்போது வட்டி என்ற பெயரில் எதுவும் இல்லை; இஸ்லாமிய நெறிப்படி ‘உஜ்ரா’ என்ற சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. ஒரு சமயத்தின் அறநெறி நாடு முழுவதும் படிக்கிற பிள்ளைகளின் கடன் சுமையைக் குறைத்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதற்கு மேல் ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்கென எடுக்கும் பணம், நகை, சீட்டுப் பணம், சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் அனுப்புவது என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு பருவத்துக் கட்டணம் ஆகிறது. ஒருவர் தன் பெயரில் கடன் வாங்கித் தானே படிக்கும் அமெரிக்க முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. அங்கே படிப்பு சரியில்லையென்றால் ஏமாந்தவர் ஒருவர். இங்கே ஒரு குடும்பமும், அதற்கு யோசனை சொன்ன மாமனும், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தைப்பூசக் கூட்டமும் அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும்.

அமெரிக்காவின் பீனிக்ஸ் பல்கலைக்கழகத்தை ஜான் ஸ்பெர்லிங் 1976-ல் தொடங்கினார். வேலை செய்துகொண்டே படிக்க விரும்பும் பெரியவர்களே அதன் இலக்கு. எந்த வயதிலும் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கலாம் என்ற அந்நாட்டு நம்பிக்கையும், மத்திய அரசின் மாணவர் கடனும் சேர்ந்து, 2010 வாக்கில் அதன் மாணவர் எண்ணிக்கையை 4 லட்சத்துக்கு மேல் கொண்டுசென்றன. ஆனால் சேர்க்கை அலுவலர்களுக்கு ஆள் கணக்கில் ஊதியம் கொடுத்ததாக வழக்கு வந்து, 2009-ல் அதன் தாய் நிறுவனம் 6 கோடியே 75 லட்சம் டாலர் அரசுக்குக் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. வெளியே இருந்த பண்பாடு அதற்கு வாரிக் கொடுத்தது. உள்ளே வளர்ந்த பண்பாடு அதைத் தின்றுவிட்டது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

நமக்கு இன்னும் அருகில் ஒரு பாடம் இருக்கிறது. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007-ன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு வளாகத்தைத் திறந்து, முதல் பருவம் முடிந்ததும் ஜூன் மாதமே மூடிவிட்டது. முந்நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் 148 பேர் சேர்ந்திருந்தார்கள். பணம் இருந்தது, பெயர் இருந்தது, சிங்கப்பூர் அரசின் ஆதரவும் இருந்தது. சிட்னிக் கட்டணத்தைக் கட்டக்கூடிய ஆசியக் குடும்பம், அந்தப் பணத்துக்குப் பிள்ளை சிட்னியிலேயே இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கும். பட்டத்தோடு சேர்ந்து வரும் ‘வெளிநாட்டில் படித்தவன்’ என்ற சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு. மலேசியக் கிளைகள் பிழைத்ததற்கு, அவை தாய் வளாகத்தைவிடக் குறைந்த கட்டணத்தில் அதே சான்றிதழைத் தந்ததும், உள்ளூர்க் கூட்டாளிகளோடு வந்ததும் முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து. இன்டி கல்லூரி 1986-ல் உள்ளூரில் தொடங்கப்பட்டு, 2008-ல் லாரியேட் என்ற அமெரிக்கக் குழுமத்தின் கைக்கும், 2020-ல் ஹோப் என்ற சீனக் குழுமத்தின் கைக்கும் போனது. உடைமை இரண்டு முறை கடல் கடந்தும் இன்டி என்ற பெயரை யாரும் தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் வோலோங்கோங் பல்கலைக்கழகமும் 2019-ல் கே.டி.யூ. என்ற உள்ளூர்க் கல்வி நிறுவனத்தை வாங்கிய பின் அந்தப் பழைய பெயரைச் சில ஆண்டுகள் தன் பெயரோடு சேர்த்தே வைத்திருந்தது. அண்ணன் படித்த கல்லூரி, பக்கத்து வீட்டுப் பெண் படித்த கல்லூரி என்ற நினைவு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் கல்லூரியின் பெயரை மாற்றும் எண்ணம் இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

குடும்பப் பண்பாடு கொண்டுவரும் தேவை எப்போதும் நன்மை செய்வதில்லை. நம்மவருக்கு மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய மூன்றுக்கு அப்பால் படிப்பு கண்ணில் படுவது அரிது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி., 2001-ல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது, ‘ஆசிய மருத்துவ, அறிவியல், தொழில்நுட்பக் கழகம்’ என்று விரியும் அதன் பெயரிலேயே மருத்துவம் முதலில் நின்றது. சமுதாயத்தின் ஏக்கத்தை அறிந்து வைத்த பெயர் அது. அந்தப் பல்கலைக்கழகம் இல்லாதிருந்தால் மருத்துவராகியிருக்க முடியாத தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் எல்லாரும் ஒரே கனவைக் காண, எல்லாக் கல்லூரிகளும் அதே கனவை விற்றதன் விளைவு வேறு. 2011-ல் புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசு தற்காலிகத் தடை போட வேண்டி வந்தது. 2016-ன் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் அவர்கள் கறுப்பு உடையணிந்து வேலைநிறுத்தம் செய்ததை நாம் பார்த்தோம். பெற்றோர் கேட்பதை எல்லாம் விற்கும் நிறுவனம் பத்து ஆண்டு நன்றாக நடக்கும். பிறகு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளே அதற்கு எதிரான சாட்சிகளாகிவிடுவார்கள். உங்கள் கல்லூரி பிறையில் இருக்கிறது. கடலுக்கு அப்பால், பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளும், இந்தப் பக்கம் துறைமுகமும் பிறைத் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய தொழில்நுட்பப் படிப்பைக் கௌரவமான படிப்பு என்று மாமன்களுக்குப் புரியவைப்பது சிரமமான வேலைதான். ஆனாலும் செய்யத் தகுந்த வேலை.

இன்னொரு பண்பாட்டைப் பற்றி நாம் மனம் திறந்து பேச வேண்டும்: கொடுக்கும் பண்பாடு. தான் கா கீ சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்து, 1921-ல் சீனாவில் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தத்தில் அவருடைய நிறுவனமே 1934-ல் மூடப்பட்ட நிலையிலும், 1937-ல் அரசிடம் ஒப்படைக்கும் வரை பல்கலைக்கழகத்தைக் கைவிடவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் 2016-ல் சிப்பாங்கில் வளாகம் திறந்தபோது, மலாயாவின் கித்தாப் பால் ஒரு நூற்றாண்டு சுற்றித் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றியது. பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சுல்தான் அகமது ஷா சாலை மாளிகை, வங்கி அதிபர் இயாப் சோர் ஈ குடும்பம் கல்விக்காகக் கொடுத்தது. நம்மிடமும் இந்தப் பண்பாடு இல்லாமலில்லை. பர்மா, இலங்கை, மலாயா என்று வட்டித்தொழில் பரவியிருந்த நகரத்தார் மரபில் வந்த அண்ணாமலை செட்டியார் 20 லட்சம் ரூபாய் கொடுக்க, 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கென 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். இவர்கள் எல்லாரும் வட்டிக்கும் லாபத்துக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்த வணிகர்கள். கடையில் லாபம், கல்வியில் தருமம் என்று இரண்டையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதினார்கள். இன்று நாம் கேட்பது இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத முடியுமா என்ற கேள்வி.

எழுத முடியும் என்றே நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கட்டணம் வாங்கிக் கற்பிப்பது நம் மரபுக்கு அந்நியம் என்று சிலர் சொல்வது சரியல்ல. யாருக்குக் கற்பிக்கலாம் என்று நன்னூல் சொல்லும் பட்டியலில், தன் மகன், ஆசிரியரின் மகன், அரசன் மகன் ஆகியோருக்கு அடுத்து ‘பொருள் நனி கொடுப்போன்’ வெளிப்படையாகவே இடம் பெறுகிறான். அந்தப் பட்டியல் ‘உரைகோளாளன்’, அதாவது சொன்னதைக் கொள்ளும் ஆற்றலுள்ளவன் என்பதில் முடிகிறது. பணம் கொடுத்தவன் வகுப்பில் உட்காரலாம். கொண்டானா இல்லையா என்பதைப் பணம் சொல்லாது. வணிகமாக நடக்கும் பல்கலைக்கழகத்தின் முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டணம் கட்டிய மாணவரைத் தேர்வில் தோல்வியடையச் செய்யும் துணிவும் உரிமையும் அங்கே ஆசிரியருக்கு இருக்கிறதா?

என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு பருவத்தில் கணக்கியல் அடிப்படைத் தாளில் வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தேறவில்லை. விரிவுரையாளர் அனுபவமுள்ள பெண்மணி. விடைத்தாள்களை நானே புரட்டிப் பார்த்தேன். அவர் போட்ட மதிப்பெண்ணில் குறையே இல்லை. தேர்வு வாரியக் கூட்டத்துக்கு முந்தின மாலை, நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு தாளோடு என் அறைக்கு வந்தார். தேறாதவர்களில் எத்தனை பேர் படிப்பை விடக்கூடும், அதனால் அடுத்த பருவ வருமானம் எவ்வளவு குறையும் என்று அதில் எழுதியிருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க” என்றார், அவ்வளவுதான். மறுநாள் கூட்டத்தில் மதிப்பெண்கள் ‘சீரமைக்கப்பட்டன’. அந்த விரிவுரையாளர் ஒரு சொல்லும் பேசவில்லை; நானும் பேசவில்லை. ஆண்டு இறுதியில் அவர் விலகிப் போய்விட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாடத்தில் யாரும் தோல்வியடையவில்லை. மூன்றாம் ஆண்டில், வழக்கமாக எங்கள் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் ஒரு கணக்காய்வு நிறுவனம் எடுப்பதை நிறுத்திக்கொண்டது. காரணம் கேட்டதற்கு, “உங்கள் பிள்ளைகளுக்குப் பற்று வரவே தெரியவில்லை” என்றார்கள். நீங்களும் அந்தத் தொழிலில் இருப்பவர். அந்த வாக்கியத்தின் கனம் உங்களுக்குத் தெரியும்.

அன்று அறையிலிருந்த எல்லாரும் ஏன் வாய்மூடியிருந்தோம் என்று பல முறை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பங்குதான். மேலே இருப்பவர் சொன்னதை அனைவர் முன்னிலையில் மறுப்பது மரியாதைக் குறைவு என்று மலாய், சீன, தமிழ்ச் சமூகங்கள் மூன்றுமே நம்மை வளர்த்திருக்கின்றன. டத்தோ என்ற அரச விருது பெற்ற நிறுவனர் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது இரண்டு மடங்காகிறது. வீட்டில் இந்த அடக்கம் நல்ல குணம். உற்பத்திக் கூடத்திலும் ஓரளவு தாங்கும். பொருள் பழுது என்றால் மறுநாளே திரும்பி வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் பழுது திரும்பி வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பழுதுபட்ட தொகுதிகள் பல வெளியே போயிருக்கும். ஆகவே உயர்கல்வி வணிகத்தில் இறங்குகிறவர், நம் சமூகத்தின் இந்த ஒரு பழக்கத்துக்கு எதிராக நிறுவனத்துக்குள் வேலி கட்டியே தீர வேண்டும். எம்.கியூ.ஏ. என்ற தகுதி முகமை 2007 முதல் பாடத்திட்டங்களை ஆராய்ந்து அங்கீகாரம் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்பதை வெளியிலிருந்து பார்க்கலாம். முந்தின மாலை நடக்கும் பேச்சை எந்த முகமையும் பார்க்க முடியாது.

வேலி கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜெஃப்ரி சியா 1987-ல் தொடங்கிய சன்வே கல்லூரி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களின் உடைமை, 2010-ல் தொடங்கப்பட்ட அவர் பெயரிலான அறவாரியத்துக்கு மாற்றப்பட்டது. உபரி வருமானம் பங்குதாரர்களிடம் போவதில்லை. கல்விக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் திரும்புகிறது. நிர்வாகம் வணிக ஒழுங்கோடுதான் நடக்கிறது, கட்டணமும் குறைவில்லை. அதனால் அதன் பெயர் தேய்ந்துவிடவில்லை, ஓங்கியே இருக்கிறது. சீன சமூகத்தின் ஆதரவோடு 2002-ல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும், லாப நோக்கமின்றிக் குறைந்த கட்டணத்தில் பெரிய அளவில் வளர்ந்திருக்கிறது. லாபம் எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. போட்ட முதலுக்கு நியாயமான வரவு எதிர்பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் எவ்வளவு எடுப்பது, எத்தனையாவது ஆண்டிலிருந்து எடுப்பது என்பதை முதலிலேயே வரையறுக்காத இடத்தில், ஒவ்வொரு பருவமும் அந்த நிதிப் பிரிவுக்காரரின் தாள் யாராவது ஒருவர் அறைக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, அதாவது நல்ல நிர்வாகமும் போதிய முதலும் போதாதா என்பதற்கு, இப்படிச் சொல்வேன். முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் போதும். நம் குடும்பங்களுக்குப் பட்டத்தின் மேல் இருக்கும் பற்று, சுமாரான கல்லூரியையும் அத்தனை காலம் தாங்கிவிடும். அதற்குப் பிறகு உங்களிடம் படித்தவர்கள்தான் உங்கள் விளம்பரம். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் மேலாளர் என்ன சொல்கிறார் என்பது, ஏதோவொரு கல்யாண வீட்டில், ஏதோவொரு தாய்மாமன் காதுக்கு வந்து சேரும். கோடிக்கணக்கில் செலவழித்தாலும் கல்விக் கண்காட்சி அரங்கில் அதை மாற்ற முடியாது.

கல்லூரியை வாங்குவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். அங்கே ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கட்டடத்தின் மதிப்பைவிட அது முக்கியம். சேர்க்கை அலுவலர்களுக்கும் முகவர்களுக்கும் ஆள் கணக்கில் கமிஷன் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிட்டு, நிலையான சம்பளம் கொடுங்கள். அவர்கள் அப்போதுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்பார்கள். மூன்றாவதாக, முதலீட்டாளர் எவரும், அவரால் நியமிக்கப்பட்ட நிதி அலுவலர் எவரும், தேர்வு வாரியக் கூட்டத்தில் உட்காரவோ முடிவு வெளிவரும் முன் மதிப்பெண்களைப் பார்க்கவோ கூடாது என்று கூட்டாளி ஒப்பந்தத்திலேயே எழுதி, நால்வரும் கையெழுத்திடுங்கள். முதல் மாணவரைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். முதல் பருவத் தேர்வு முடிவுகள் கையில் வந்த பிறகு அதை எழுத உங்களுக்கு மனம் வராது.